கொங்கு நாட்டுப் பிள்ளைகள் ராணுவத்தில் சேர: கணக்கு, காகிதம், ஓட்டம், பென்சன்

"ஏனுங்க, பையன் மிலிட்டரிக்குப் போனா அவங்க அப்பாராட்டம் பென்சன் வருமில்லீங்க?"

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், பத்தாம் வகுப்பு முடித்த பையன் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ராணுவத்தில் 22 ஆண்டுகள் கிளார்க்காக வேலை பார்த்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். நான் சொல்லும் பதிலைக் கேட்டுப் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடுகிறது. ஆனாலும் அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். இன்று சிப்பாயாகச் சேரும் பையனுக்குப் பென்சன் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி அவன் 'அக்னிவீர்' என்ற பெயரில் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்கிறான். நான்கு ஆண்டு முடிந்ததும் அந்தத் தொகுதியில் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படலாம். மற்றவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். அவர்களுக்குப் பென்சனும் பணிக்கொடையும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் போகலாமா என்று கேட்டால், போகலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அப்பாரு, அதாவது தாத்தா, வாங்கிய பென்சனை மனதில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. நாலு வருட வேலை ஒன்றுக்கு ஒப்புக்கொள்கிறோம் என்ற தெளிவோடு, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியை ஓட்டத்தில் தொடங்காமல் பணத்தில் தொடங்குகிறேன்.

முதலில் கணக்கு

அக்னிவீருக்கு முதலாம் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். இரண்டாம் ஆண்டு 33,000, மூன்றாம் ஆண்டு 36,500, நான்காம் ஆண்டு 40,000. இது முழுவதும் கைக்கு வராது. ஒவ்வொரு மாதமும் 30 சதவீதம் பிடித்து 'சேவா நிதி' என்ற கணக்கில் போடுவார்கள். அப்படிப் பார்த்தால் முதல் ஆண்டு கைக்கு வருவது மாதம் 21,000. இரண்டாம் ஆண்டு 23,100. மூன்றாம் ஆண்டு ஏறத்தாழ 25,500. கடைசி ஆண்டு 28,000. சாப்பாடு, தங்குமிடம், சீருடை எல்லாம் ராணுவத்தின் பொறுப்பு. பணிபுரியும் இடத்தைப் பொறுத்து சில படிகளும் சேரும்.

இனி பிடித்தம் போகும் கணக்கு. முதல் ஆண்டு மாதம் 9,000, அடுத்து 9,900, அப்புறம் 10,950, கடைசியாக 12,000. நான்கு ஆண்டையும் கூட்டினால் 5,02,200 ரூபாய் வருகிறது. அதே அளவு தொகையை அரசும் போடுகிறது. இரண்டும் சேர்ந்து 10 லட்சத்து 4 ஆயிரம் சொச்சம். வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும் என்று திட்டத்தை அறிவித்தபோது சொன்னார்கள். இதற்கு வருமான வரி இல்லை.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்று நடுவில் சொந்த விருப்பத்தில் விலகினால் அரசின் பங்கு வராது. பையனின் சம்பளத்தில் பிடித்ததும் அதற்கான வட்டியும் மட்டும்தான் வரும். விலகுவதற்கு அனுமதி கிடைப்பதும் சுலபமில்லை. பனியன் கம்பெனியில் இந்த வாரக் கணக்கை வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் வேறு கம்பெனிக்குப் போவதுபோல இதில் முடியாது. பயிற்சியில் முதல் இரண்டு மாதம் எல்லாருக்கும் ஊர் ஞாபகம் வந்து அழுகை வரும். எனக்கும் வந்தது. அதைத் தாண்டிவிட முடியும் என்று பையனே நம்ப வேண்டும். அப்பா நம்பினால் போதாது.

உயிர்க் காப்பீடு 48 லட்சம் ரூபாய். இதற்குப் பையன் சம்பளத்திலிருந்து எதுவும் கட்ட வேண்டாம். பணி காரணமாக உயிரிழப்பு நேர்ந்தால் இதோடு 44 லட்சம் கருணைத் தொகையும், மீதமிருந்த பணிக்காலத்துக்கான சம்பளமும், சேவா நிதியும் குடும்பத்துக்குச் சேரும். பணி காரணமாக ஊனம் ஏற்பட்டால் அதன் அளவை வைத்து 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் என்று மூன்று படி. பேசவே மனசு வராத விஷயம்தான். ஆனாலும் அம்மா அப்பா இருவரும் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்ட பிறகே பையனை அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறேன்.

யார் சேரலாம்

திட்டத்தை அறிவித்தபோது சொன்ன வயது பதினேழரை முதல் 21 வரை. ஒவ்வொரு ஆண்டு அறிவிப்பிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் பிறந்திருக்க வேண்டும் என்று தெளிவாகப் போடுவார்கள். அந்தத் தேதியை மட்டும் நம்புங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். திருமணம் ஆகியிருக்கக் கூடாது, நான்கு ஆண்டு முடியும்வரை செய்துகொள்ளவும் கூடாது.

பொதுப்பணி வீரருக்கு, அதாவது 'ஜி.டி.' என்று எல்லாரும் சொல்லும் பிரிவுக்கு, பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் வேண்டும். கிளார்க் பிரிவுக்கு பிளஸ் டூவில் மொத்தம் 60 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 50 சதவீதமும் வேண்டும். ஆங்கிலமும் கணக்கு அல்லது கணக்குப்பதிவியலும் படித்திருக்க வேண்டும். டைப்பிங் சோதனையும் உண்டு. டெக்னிக்கல் பிரிவுக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் படித்தவர்களும், பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். கோவை, திருப்பூர், ஈரோட்டில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு லேத் பட்டறையில் நிற்கும் எத்தனையோ பையன்களுக்கு இந்தப் பிரிவு இருப்பதே தெரியாது. டிரேட்ஸ்மேன் பிரிவில் எட்டாம் வகுப்புத் தகுதிக்கும் சில வேலைகள் உண்டு.

தமிழ்நாட்டுப் பையனுக்கு ஜி.டி. பிரிவில் உயரம் 166 செ.மீ. டெக்னிக்கலுக்கு 165, கிளார்க்குக்கு 162. மார்பளவு 77 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். உயரத்தை வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்து திருப்திப்பட்டுக்கொள்ளாமல், ஆஸ்பத்திரியில் உள்ள அளவுகோலில், காலையில் ஒருமுறை மாலையில் ஒருமுறை அளந்து பாருங்கள். மாலையில் கொஞ்சம் குறையும். மாலையிலும் 166 இருந்தால் கவலையில்லை.

பச்சை குத்தியிருப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். கழுத்து, தோள், மார்பு என்று வேறு இடத்தில் நிரந்தரமாகக் குத்தியிருந்தால் அங்கேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். திருவிழாவில் சிநேகிதன் பெயரைத் தோளில் குத்திக்கொண்ட ஒரே காரணத்தால் திரும்பி வந்த பையனை எனக்குத் தெரியும். நல்ல ஓட்டக்காரன்.

எந்த அலுவலகம் உங்களுடையது

கோவையில் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் இருக்கிறது. கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல் மாவட்டங்கள் அதன் கீழ் வருகின்றன. மதுரையும் தேனியும் கூட அதில்தான். கரூர்க்காரர்கள் மட்டும் இங்கே கவனிக்க வேண்டும். பேச்சும் பழக்கமும் நம்மோடு இருந்தாலும் கரூர் மாவட்டம் திருச்சி அலுவலகத்தின் கீழ் வருகிறது.

திருப்பூரில் குடியேறி இருபது வருடமாகப் பனியன் வேலை செய்யும் தென்மாவட்டக் குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே விண்ணப்பிப்பது என்று குழம்புகிறார்கள். இருப்பிடச் சான்று எந்த மாவட்டத்துக்கு இருக்கிறதோ அந்த மாவட்டத்துக்குரிய அலுவலகம்தான். ஆதாரில் திருப்பூர் முகவரி, சான்றில் விருதுநகர் முகவரி என்று இருந்தால் சரிபார்க்கும் மேஜையில் சிக்கல் வரும். விண்ணப்பிக்கும் முன்பே இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் 'ஜாயின் இந்தியன் ஆர்மி' என்ற அரசு இணையதளத்தில் மட்டும். 2025இல் மார்ச் 12 முதல் ஏப்ரல் 25 வரை பதிவு நடந்தது. நுழைவுத்தேர்வு ஜூன் 30இல் தொடங்கி ஜூலை 10 வரை நடந்தது. ஆகவே பொங்கல் முடிந்ததிலிருந்தே வாரம் ஒருமுறை அந்தத் தளத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். கட்டணம் 250 ரூபாய், வங்கிக் கட்டணம் தனி. வேறு யாருக்கும் எங்கேயும் ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டியதில்லை.

காகிதம்

நான் கிளார்க்காக இருந்தவன். அதனால் இந்தப் பகுதியை நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாகப் படியுங்கள். ஓட்டத்தில் ஜெயித்துவிட்டுக் காகிதத்தில் தடுக்கி விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பத்தில் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி நான்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பழனிசாமி இருப்பார். அதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது பள்ளிக்கூடத்தில் 'சாமி' என்று வரும், ஆதாரில் 'ஸ்வாமி' ஆகிவிடும், ரேஷன் கார்டில் 'பழனிச்சாமி' என்று கூடுதலாக ஓர் எழுத்து ஏறிவிடும். நிலப் பத்திரத்தில் சாதிப் பெயரும் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊரில் இதெல்லாம் ஒரே ஆள் என்று எல்லாருக்கும் தெரியும். சரிபார்க்க உட்கார்ந்திருக்கும் பஞ்சாப்காரருக்கோ ராஜஸ்தான்காரருக்கோ அவை நான்கு ஆட்கள்.

இன்னொன்று இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் பெயருக்குப் பின் ஒற்றை எழுத்து இருக்கும். ஆதாரில் அந்த எழுத்தை விரித்து அப்பா பெயர் முழுவதையும் போட்டிருப்பார்கள். மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை. ஆதாரைத் திருத்துவது சுலபம். ஆகவே ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்றபடி மாற்றுங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள். அப்பா, அம்மாவின் ஆதாரையும் அப்படியே ஒத்துப்பார்த்துவிடுங்கள். டிஜிலாக்கர் கணக்கும் வேண்டும், அதில் உள்ள செல்போன் எண் நாளைக்கும் கையில் இருக்கும் எண்ணாக இருக்கட்டும். ஆஃபருக்கு வாங்கிய சிம்மைக் கொடுத்துவிட்டு, ஓ.டி.பி. வராமல் தவித்தவர்கள் உண்டு.

இருப்பிடச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேலே போய் வருவதற்கு நாளாகும். முகூர்த்த நாட்கள், தேர்தல் வேலை, ஜமாபந்தி என்று எது குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது. அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல், டிசம்பரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். இதோடு நன்னடத்தைச் சான்று, திருமணமாகாதவர் என்ற சான்று, பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், அறிவிப்பில் கேட்கும் மாதிரிப்படி முத்திரைத்தாளில் உறுதிமொழி, ஒரே மாதிரி எடுத்த பாஸ்போர்ட் அளவு போட்டோக்கள் இருபது. நன்னடத்தைச் சான்றும் திருமணமாகாதவர் சான்றும் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதால், இவற்றை மட்டும் கடைசியில் வாங்குங்கள்.

என்.சி.சி. சான்றிதழ், விளையாட்டுச் சான்றிதழ், ஐ.டி.ஐ. சான்றிதழ் இருந்தால் போனஸ் மதிப்பெண் உண்டு. அப்பா படைவீரராகவோ முன்னாள் படைவீரராகவோ இருந்தால் அதற்கும் உண்டு, உறவுச் சான்று வேண்டும். பையன் பள்ளியில் படிக்கும்போதே என்.சி.சி.யில் சேர்த்துவிட்டிருந்தால் அது இப்போது கைகொடுக்கும்.

ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். என் அக்கா மகன் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தபோது பத்தாம் வகுப்பு ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவன் ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகும் நேரத்தில், பாக்கி ஃபீஸைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். முகாமுக்கு முன்தினம் ராத்திரி அக்கா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டி வாங்கி வந்தாள். முகாமுக்கு நேரத்துக்குப் போய்விட்டான் என்றாலும், அந்த ராத்திரியை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. பயிற்சி மையம் ஜெராக்ஸ் வாங்கிக்கொள்ளட்டும். ஒரிஜினல் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.

தேர்வும் ஓட்டமும்

2023 முதல் முறை மாறிவிட்டது. முன்பு முதலில் ஓட்டம், கடைசியில் எழுத்துத் தேர்வு. இப்போது கணினியில் நுழைவுத்தேர்வு முதலில் வருகிறது, அதில் தேறியவர்களைத்தான் முகாமுக்கு அழைக்கிறார்கள். ஜி.டி. பிரிவுக்கு ஒரு மணி நேரம், 50 கேள்வி, 100 மதிப்பெண். பொது அறிவு, அறிவியல், கணக்கு, தர்க்கம். தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்பதால் தெரியாத கேள்வியில் குருட்டுத்தனமாக எதையாவது தொடக் கூடாது. 2025 முதல் தமிழ் உட்பட 13 மொழிகளில் தேர்வு நடக்கிறது. தமிழ்வழியில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. விண்ணப்பத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கவனமாக இருங்கள்.

ஓட்டம் 1.6 கிலோமீட்டர். 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று. ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண். 5 நிமிடம் 45 விநாடிக்குள் என்றால் 48. ஆறு நிமிடத்துக்குள் 36, ஆறே கால் நிமிடத்துக்குள் 24. அதற்கு மேல் போனால் வெளியே. ஐந்தரை நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு எண்பத்திரண்டரை விநாடி. இந்த எண்ணை மனதில் பதித்துக்கொண்டு பழக வேண்டும். நம் பையன்கள் செய்யும் தவறு, முதல் சுற்றில் எழுபது விநாடியில் பறப்பது. மூன்றாம் சுற்றில் கால் கனத்துவிடும். நூறு பேர் ஒன்றாகப் புறப்படும் கூட்டத்தில் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க முதல் நூறு மீட்டர் கொஞ்சம் வேகம், அப்புறம் சீராக இழுத்துக்கொண்டு போய், கடைசி முந்நூறு மீட்டரில் இருப்பதையெல்லாம் போடுங்கள்.

கீழ்பவானி வாய்க்கால் கரையும், பல்லடம் உடுமலைப் பக்கம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் கரையும் ஓடிப் பழக நல்ல இடம். மண் தரை என்பதால் முழங்காலுக்கு நல்லது. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அளந்த தடத்தில், கூட நாலு பேரோடு, ஸ்டாப்வாட்ச் வைத்து ஓடுங்கள். ஆறு மாதம் வேண்டும். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று சொல்பவர்கள் முழங்கால் வலியோடு வருவார்கள்.

புல்-அப்ஸ் பத்து எடுத்தால் 40 மதிப்பெண், ஆறு எடுத்தால் 16. உடலை ஆட்டி எழும்பினால் எண்ணமாட்டார்கள். ஓட்டத்துக்கும் இதற்கும் சேர்த்து நூறு. 9 அடிப் பள்ளத்தைத் தாண்டுவதும் வளைந்து செல்லும் கட்டையில் விழாமல் நடப்பதும் தேறினால் போதும். கிளார்க், டெக்னிக்கல் பிரிவுகளுக்கு உடற்தகுதியில் தேர்ச்சி மட்டும் போதும், வரிசையை எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான் தீர்மானிக்கும். ஓட்டத்தில் சுமாராகவும் படிப்பில் நன்றாகவும் இருக்கும் பையன் இதை யோசிக்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனை

முகாமுக்கு மூன்று மாதம் முன்பே அரசு ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள். நிற்கும்போது முழங்கால்கள் இரண்டும் உரசுகிறதா, பாதம் தட்டையா, நிறம் பிரித்தறிய முடிகிறதா, பார்வை எப்படி, மூக்குத் தண்டு வளைவு, விரையில் நரம்புச் சுருட்டல் அல்லது நீர் கோத்தல், மூலம், சொத்தைப் பல். இவற்றில் பலதும் முன்கூட்டியே தெரிந்தால் சரிசெய்யக்கூடியவை. விரை சம்பந்தப்பட்டதை டாக்டரிடம் காட்ட வெட்கப்பட்டு விட்டுவிட்டு, முகாமில் தெரிந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. காது அழுக்கையும் டாக்டரிடம் எடுத்துவிட்டுப் போங்கள். ஊக்கால் நோண்டிப் புண்ணாக்கிவிடாதீர்கள்.

'அன்ஃபிட்' என்று எழுதினால் உடனே ஊருக்குப் பஸ் ஏறாதீர்கள். ராணுவ மருத்துவமனையில் மறு பரிசோதனைக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. எங்கே, எத்தனை நாளுக்குள் என்று எழுதிய சீட்டை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் புரோக்கர்கள் வருவார்கள். "மேலே ஆள் இருக்கு, மெடிக்கலைச் சரி பண்ணிடலாம்" என்பார்கள். முகாமுக்குப் போகிற பையன்கள் பத்துப் பேரிடம் பணம் வாங்கி, தேறாதவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் லாபம் என்பதே அவர்கள் வியாபாரம். பையன் தன் காலால் ஓடி ஜெயித்த இடத்துக்குத் தோட்டத்தை அடமானம் வைத்துப் பணம் கொடுத்த அப்பாவைப் பார்த்து மனசு நொந்திருக்கிறேன்.

உள்ளே போன பிறகு

நம் பக்கத்துப் பையன்களில் பலர் குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குப் போவார்கள். 1758இல் தொடங்கிய பழமையான படைப்பிரிவு அது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் வந்துவிடும் என்பதால் வீட்டுக்காரர்களுக்கு ஓர் ஆறுதல். மற்றவர்களுக்குப் பெங்களூரு, செகந்திராபாத், ஹைதராபாத் என்று எங்கு வேண்டுமானாலும் கிடைக்கலாம். இந்தி தெரியாதே என்ற பயம் வேண்டாம், மூன்று மாதத்தில் காதில் ஏறிவிடும். ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. அது குண்டம் இறங்கும் திருவிழாவுக்கோ தேர்த்திருவிழாவுக்கோ அமையும் என்று எண்ணக் கூடாது, யூனிட் எப்போது விடுகிறதோ அப்போதுதான்.

அந்த நான்கு ஆண்டில் படிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாவது முடித்துச் சேர்ந்தவருக்கு பிளஸ் டூவுக்கு இணையான சான்றும், இக்னோ பல்கலைக்கழகம் வழியாகப் பட்டம் படிக்கும் வாய்ப்பும் திட்டத்தோடு சேர்த்தே அறிவிக்கப்பட்டன. வெளியே வந்தால் துணை ராணுவப் படைகளில் அக்னிவீர்களுக்கு 10 சதவீத இட ஒதுக்கீடும் வயதுச் சலுகையும் 2022இலேயே அறிவித்தார்கள். கான்ஸ்டபிள் தேர்வோ போலீஸ் தேர்வோ எழுத நினைப்பவர் மூன்றாம் ஆண்டிலிருந்தே படிக்கத் தொடங்கினால்தான் சரியாக வரும்.

வரும் பதினொன்றரை லட்சத்தை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என் கருத்து: முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். நம் ஊரில் பையன் கையில் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் போர்வெல் ரிக் வண்டியில் பங்கு, லாரிக்கு முன்பணம், கோழிப்பண்ணை என்று ஆளுக்கொரு யோசனையோடு வருவார்கள். எல்லாம் நல்ல தொழில்தான். ஆனால் 22 வயதுப் பையனுக்கு அந்தத் தொழில் தெரியாது. முதலில் ஒரு வருடம் அந்தத் தொழிலில் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, அப்புறம் பணம் போடட்டும்.

நிரந்தரமானால் பென்சன்

நான்கு ஆண்டுக்குப் பின் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுபவர் குறைந்தது இன்னும் 15 ஆண்டு வேலை செய்வார். அவருக்குப் பழைய முறைப் பென்சன் உண்டு. சிப்பாய்க்கு 7ஆவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700, அதோடு ராணுவப் பணி ஊதியம் 5,200, பஞ்சப்படி தனி. பென்சன் என்பது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், ராணுவப் பணி ஊதியம் இரண்டின் கூட்டில் பாதி. உதாரணத்துக்கு அடிப்படை 40,000 என்று வைத்தால், 5,200 சேர்த்து 45,200. பாதி 22,600. இதற்கு மேல் அகவிலை நிவாரணம் வரும்.

இதில் 50 சதவீதம் வரை 'கம்யூட்' செய்து மொத்தமாக முன்கூட்டியே வாங்கலாம். நாற்பது வயதை ஒட்டி வெளியே வருபவருக்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுத் தொகை கிடைக்கும். அந்த உதாரணத்தில் மாதம் 11,300 விட்டுக்கொடுத்து 12 லட்சத்துக்கு மேல் வாங்கலாம். விட்டுக்கொடுத்த பகுதி 15 ஆண்டு கழித்துத் திரும்ப வரத் தொடங்கும். வீடு கட்டவோ கடன் அடைக்கவோ தேவை இருந்தால் வாங்கலாம். தேவையில்லாமல் வாங்கினால் மாத வருமானம் பாதியாகி வீட்டில் சண்டைதான் வரும்.

'ஒரே பதவி, ஒரே பென்சன்' 2014 ஜூலை 1 முதல் கணக்கில் வந்தது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். முன்னாள் படைவீரருக்கும் மனைவிக்கும் 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் உண்டு, கோவையில் அதன் பாலிகிளினிக் இருக்கிறது. தொழில் தொடங்க நினைக்கும் முன்னாள் படைவீரருக்குத் தமிழ்நாடு அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் 2024 சுதந்திர தினத்தில் அறிவிக்கப்பட்டது. 1 கோடி ரூபாய் வரை கடனும் 30 சதவீத மூலதன மானியமும் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பென்சன் வாங்கும் அப்பாரு இருந்தால்

ராணுவப் பென்சன் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற இணைய முறையில் வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்கான அடையாளம் காட்டாவிட்டால் பென்சன் நின்றுவிடும். 'ஜீவன் பிரமாண்' மூலம் பொதுச் சேவை மையத்திலோ, முகம் காட்டும் வசதியுள்ள செல்போனிலோ செய்துவிடலாம். பேரப்பிள்ளைகள் இதைச் செய்து கொடுத்தால் எண்பது வயதுப் பெரியவர் பஸ் பிடித்து அலைய வேண்டாம். ரேகை பதியவில்லை என்றால் கண் கருவிழி அல்லது முகம் வைத்து முயலுங்கள்.

அப்பாருக்குப் பிறகு அப்பத்தாவுக்குக் குடும்பப் பென்சன் வர வேண்டும். சாதாரணக் குடும்பப் பென்சன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வு பெற்றவர் 67 வயதுக்கு முன் இறந்தால், ஏழு ஆண்டு அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள், எது முன்போ அதுவரை கூடுதல் விகிதம் கிடைக்கும். இந்தப் பென்சன் தாமதமாகும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பணிப் பதிவேட்டில் மனைவி பெயர் 'பழனியம்மாள்' என்று இருக்கும், ஆதாரில் 'பழனாள்' என்று இருக்கும். திருமணத்தையே 'பார்ட் டூ ஆர்டர்' (பணிப் பதிவேட்டில் ஏற்றும் உத்தரவு) போட்டுப் பதியாமல் விட்டவர்களும் உண்டு. அப்பாரு நல்லபடியாக இருக்கும்போதே பி.பி.ஓ.வையும் (பென்சன் வழங்கும் உத்தரவு) டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் எடுத்து, அப்பத்தாவின் ஆதாரோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நல அலுவலகத்தின் உதவியோடு ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுங்கள். அவர் கையெழுத்துப் போட்டால் சில வாரத்தில் முடிகிற வேலை இது. அவர் போன பிறகு அப்பத்தா ஒவ்வொரு மேஜையாக நின்று தன்னைத் தான் என்று நிரூபிக்க வேண்டிவரும்.

இன்னும் சில வாசல்கள்

எட்டாவது, பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அதிகாரியாகும் வழியையும் நினைத்துப் பாருங்கள். உடுமலைக்கு அருகே அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அகில இந்திய நுழைவுத்தேர்வு மூலம் சேர்க்கிறார்கள். பிளஸ் டூ முடித்தவருக்கு யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு. பட்டம் முடித்தவருக்கு சி.டி.எஸ். என்ற அதிகாரிகள் தேர்வு, அதில் தேறியவர்களில் ஒரு பகுதியினர் சென்னை பரங்கிமலையில் பயிற்சி பெறுகிறார்கள். என்.டி.ஏ. தேர்வைப் பெண் பிள்ளைகளும் எழுதலாம். சிப்பாய் நிலையில் ராணுவக் காவல் பிரிவிலும் பெண்களைச் சேர்க்கிறார்கள். சூலூரில் விமானப்படைத் தளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானப்படை அக்னிவீர் தேர்வு தனியாக இருக்கிறது, கடற்படைக்கும் அப்படியே.

புறப்படும் முன்

பையன் பயிற்சிக்குக் கிளம்பும் வாரத்தில் ஒரு ஃபைல் வாங்கி வீட்டில் வையுங்கள். அவன் எல்லாச் சான்றிதழ்களின் ஜெராக்ஸ், சேர்ந்த கடிதத்தின் நகல், சேவை எண் கிடைத்ததும் அந்த எண், பயிற்சி மையத்தின் முகவரி, அவசரத்துக்கு அழைக்கும் தொலைபேசி எண், நாமினியாக யார் பெயரைப் போட்டான் என்ற விவரம், எந்தப் பெயரை எந்த எழுத்தில் எழுதினான் என்பது, எல்லாம் அதில் இருக்கட்டும். அம்மாவுக்குத் தனியாக வங்கிக் கணக்கு இல்லையென்றால் அந்த வாரமே தொடங்கி, அந்தப் பாஸ்புக்கின் முதல் பக்க ஜெராக்ஸையும் அதே ஃபைலில் வையுங்கள். ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அம்மாவுக்கும் காட்டிவிடுங்கள்.